ரூத்தின் இடது இடுப்பு

போன வாரம் நீங்கள் கூப்பிட்டீர்கள் என்று ஆய்வகத்துக்கு வந்து பார்த்தேன். கேமராக்கள் எல்லாம் புதுசு. ஓடுகிறவர் உடம்பில் ஒரு பொட்டுகூட ஒட்ட வேண்டாம். முழங்கால் எங்கே, கணுக்கால் எங்கே என்று கணினியே கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. எங்கள் காலத்தில் ஒவ்வொரு மூட்டிலும் பளபளக்கும் பொட்டை ஒட்டுவோம். வேலூர் வெயிலில் வியர்வைக்கு அது கழன்று விழும். மறுபடி ஒட்டுவோம். ஒரு ஆளைப் படம்பிடித்து முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். மறைப்பானேன், பொறாமையாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் பொறாமை தணிந்து பயம் வந்தது. கருவி நல்லதாக ஆக ஆக, அதை வைத்திருப்பவருக்குத் தன்மேல் நம்பிக்கை ஜாஸ்தியாகிவிடும். அந்த வியாதி எனக்கு இருந்தது, அதனால் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து, நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். "எல்லோருக்கும் நன்றி, பிரியாணி ஆறிவிடும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பேச வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. அத்தனை பேர் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது என் அசட்டுத்தனத்தைச் சொல்ல மனசு வரவில்லை. இப்போது எழுதித் தருகிறேன். இது நான் ஜெயித்த கதை இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கப் போய், கெடுக்காமல் தப்பித்த கதை. இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு பெருமூச்சு நான் வேறு எந்த நாளும் விட்டதில்லை.

சத்துவாச்சாரியில் ஒரு பளுதூக்கும் கூடம் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பலகை மேடை, சுவரோரம் துருப்பிடித்த வெயிட்டுகள். அதை நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தானும் ஒரு காலத்தில் தூக்கியவர். இப்போது படியேறினால் முழங்கால் இரண்டும் சத்தம் போடும். நான் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பாதியை விட்டுவிடுவார். அந்தக் கூடத்தில் என் பெயர் கேமரா மேடம். காட்பாடியிலிருந்து பாலாற்றைத் தாண்டிப் பெட்டி படுக்கையோடு வந்து, தூக்குகிறவர்கள் ஒவ்வொருவரையும் படம்பிடித்து, அதை மெதுவாக ஓட்டிப் பார்த்து, "முழங்கை இரண்டு டிகிரி மடங்குகிறது" என்று சொல்லிவிட்டுப் போகிற அம்மாள் வேறு என்ன பெயருக்குத் தகுதி?

ஒரு மார்ச் மாதம் மாஸ்டர் ரூத்தை அழைத்துக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கே வந்தார். ரூத் ஆம்பூர் பக்கத்துப் பெண். பி.காம். முடித்தவள். பயிற்சிக்காகச் சத்துவாச்சாரியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். அப்பா தேவராஜ் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருந்தார். அம்மா இல்லை. ரயில்வேயில் விளையாட்டுப் பிரிவு வேலைக்கு ரூத் விண்ணப்பித்து, சென்னையில் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. மூன்று வாரம் இருந்தது. இதை விட்டால் அடுத்த அறிவிப்பு வரும்போது அவளுக்கு வயது தாண்டிவிடும்.

"மேடம், ராடு மேல போவும்போது நேராத்தான் போவுது. கீழ குந்தி பிடிக்கும்போது புள்ள வலது பக்கம் ஒதுங்குறா. கம்மி வெயிட்ல இல்ல. வெயிட் ஏற ஏற ஜாஸ்தியாவுது. இப்ப முதுகுல வலது பக்கம் வலி வேற. இன்னான்னு பாருங்க" என்றார் மாஸ்டர்.

பார்த்தேன். தரையில் பதித்திருக்கும் தகடுகள் எந்தக் காலில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று காட்டும் இல்லையா, அதில் ரூத் நிறுத்தி நிதானமாக வலது காலுக்குப் பாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். எடை கூடக் கூட இடது காலின் பங்கு குறைந்துகொண்டே போனது. எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. இடது இடுப்புத் தசை பலவீனமாக இருந்தால் இப்படித்தான் காட்டும் என்று நானே இருபது வருடம் வகுப்பெடுத்திருக்கிறேன். உடனே அவளைப் படுக்கவைத்து இரண்டு இடுப்பின் பலத்தையும் அளந்தேன். இடது கொஞ்சம் குறைவு. எல்லோருக்கும் இருக்கிற அளவு குறைவுதான். உங்களுக்கு அளந்தாலும் இருக்கும், எனக்கு அளந்தாலும் இருக்கும். ஆனால் தேடிப் போனவளுக்கு அது போதும்.

கேள்வியும் கேட்டேன், கேட்காமல் இல்லை. எப்போதிலிருந்து வலி? "கிறிஸ்துமஸ் முடிஞ்சி ஒரு மாசம் இருக்கும் மேடம்." எங்கேயாவது விழுந்தாயா? இல்லை. சின்ன வயதில் எலும்பு முறிவு? இல்லை. காய்ச்சல், மாதவிடாய்க் கோளாறு, ஒரே பக்கமாகப் படுக்கும் பழக்கம்? இல்லை, இல்லை, இல்லை. அவள் உடம்பைப் பற்றி இருபது கேள்வி கேட்டேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் வேறு எது மாறியது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

அப்போது என்னோடு ஆராய்ச்சி மாணவியாக ஷாஹின் இருந்தாள். இப்போது உங்களுக்கெல்லாம் தலைவி. நீங்கள் அவளுக்குப் பயப்படுவதாகக் கேள்விப்பட்டேன், நல்லது. அன்று மாலை பொட்டுகளின் பாதையைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தவள் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள்.

"மேடம், லெஃப்ட் ஹீல்ல ஒட்டுன பொட்டு கீழ எறங்குது. கால் தரையிலதான் இருக்கு, ஆனா பொட்டு எறங்குது."

"வியர்வை. நழுவியிருக்கும். சரிபண்ணிடு."

"மூணு தடவை தூக்கினதுலயும் எறங்குது மேடம்."

"அப்ப மூணு தடவையும் நழுவியிருக்கும்!"

அவள் சரிசெய்துவிட்டாள். கோடு நேராக, அழகாக வந்தது. நானும் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். வெட்கக்கேடு என்ன தெரியுமா, நழுவிய பொட்டு எடையை இறக்கியதும் தானாகப் பழைய இடத்துக்கு ஏறாது. அந்தப் பொட்டு ஒவ்வொரு தடவையும் இறங்கி, ஒவ்வொரு தடவையும் ஏறியது. ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் எல்.கே.ஜி. குழந்தைக்கும் தெரிந்திருக்கும்.

அறிக்கை எழுதினேன். இரண்டு பக்கம். "இடது இடுப்பில் குறிப்பிடத்தக்க பலவீனம்" என்று முதல் வரி. இடுப்பைப் பலப்படுத்தும் பயிற்சிகள் ஒரு பட்டியல். ரூத் பத்து நாள் அதை ஒன்று விடாமல் செய்தாள். மாற்றம் இல்லை, வலிதான் கொஞ்சம் கூடியது. நியாயமாக அப்போதாவது எனக்கு என் கணிப்பின்மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது என்றால், பலவீனம் நான் நினைத்ததைவிட ஆழமாக இருக்கிறது என்று. இந்த இடத்தைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு, உங்கள் கடைசி மூன்று அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மாஸ்டருக்குப் போன் போட்டேன். ரூத் போக வேண்டாம், இந்தச் சாய்வோடு முழு எடையைத் தூக்கினால் முதுகு போய்விடும், ஆறு மாதம் ஓய்வு என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம். ஆனா அந்தப் புள்ள கிட்ட நான் சொல்ல மாட்டேன். என்னால முடியாது. அவங்க அப்பாவ வரச்சொல்றேன். நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

மறுநாள் காலை மூன்று பேரும் வந்தார்கள். தேவராஜை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை. வலது கட்டைவிரல் மட்டும் தடித்து, நகம் பழுப்பேறியிருந்தது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். ரூத் ஷூ பையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் தகடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

நான் திரையைத் திருப்பி வைத்து விளக்கினேன். கெட்ட சேதியைச் சொல்லும்போது படம் காட்டினால் நம் தலையிலிருந்து பாரம் இறங்கும், அதற்காகத்தான் நாம் படம் காட்டுகிறோம். இது வலது கால், இது இடது கால், பாருங்கள் எவ்வளவு வித்தியாசம் என்றேன். தேவராஜ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"இடது பக்கந்தானா மேடம்?"

"ஆமாங்க."

"வெயிட்டு ஏறினாத்தான் தெரியுதா?"

"ஆமாங்க. சும்மா நின்னா தெரியல."

"கிறிஸ்துமஸ் கழிச்சா?"

அவர் குரலில் ஏதோ மாறியது. அழப்போகிறார் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

"பாப்பா, அந்த ஷூவக் குடு."

பளுதூக்குகிறவர்கள் போடும் ஷூ எப்படி இருக்கும் என்று உங்களில் புதியவர்களுக்குச் சொல்கிறேன். ஓட்டக்காரர்கள் ஷூ மாதிரி மெத்தென்று இருக்காது. அடி கெட்டியாக, குதிகால் பக்கம் மட்டும் உயர்ந்து, மரக்கட்டைபோல அசையாமல் இருக்க வேண்டும். ஆழமாகக் குந்தும்போது உடம்பு நிமிர்ந்து நிற்க அந்த உயரம்தான் உதவி. ரூத்தின் ஷூ நீல நிறத்தில், பார்க்கக் கடையில் வாங்கியதுபோல இருந்தது. இரண்டு ஹீலும் ஒரே உயரம். நானே ஒருமுறை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் வெறும் ஷூவைத்தான் பார்த்தேன். மேலே பாரம் ஏற்றிப் பார்க்கவில்லை.

தேவராஜ் வலது ஷூவைத் திருப்பி, ஹீலில் கட்டைவிரலை அழுத்தினார். அசையவில்லை. இடது ஷூவை எடுத்தார். அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பிறகு அதைத் தரையில் வைத்து, தன் குதிகாலால் அதன்மேல் ஏறி, முழு உடம்பையும் ஏற்றி நின்றார். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் காலுக்குத் தெரிந்துவிட்டது. இறங்கியவர் கையால் தலையில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"இடுப்பு இல்ல மேடம். நான்தான். என் வேலதான் இது!"

மாஸ்டர் எழுந்துவிட்டார். "இன்னாங்க, இன்னா சொல்றீங்க?"

தேவராஜ் மேசையிலிருந்த பேப்பர் கத்தியை என்னைக் கேட்காமலே எடுத்து, இடது ஹீலின் ஓரத்தில் ஒட்டியிருந்த நீலத் தோலைக் கீறிப் பிரித்தார். உள்ளே தோல் அடுக்குகள் தெரிந்தன. வலது ஹீலையும் கீறினார். இரண்டையும் என் முன்னால் வைத்தார். வலதில் அடுக்குகள் இறுகி, பலகைபோல இருந்தன. இடதில் நார்நாராக, தளர்ந்து இருந்தன. ஒருமுறை காட்டிவிட்டால் யாருக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். அது ஒரு சீனியர் பெண் ரூத்துக்குக் கொடுத்த பழைய ஷூ. ஹீல் தேய்ந்துபோயிருந்தது. கிறிஸ்துமஸுக்குப் பரிசாக அதற்குப் புது ஹீல் கட்டிக் கொடுக்கலாம் என்று தேவராஜ் கம்பெனியில் கேட்டுக் கழிவுத் தோல் துண்டுகள் வாங்கி வந்தார். மாட்டின் முதுகுப் பக்கத்துத் தோல் கெட்டி, ஷூவின் அடிக்கு அதுதான் ஆகும். வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுபடும், அமுங்கும். முதுகுத் துண்டுகள் ஒரு காலுக்குத்தான் போதுமானதாக இருந்தன.

"உள்ளதான இருக்கப் போவுதுன்னு நெனச்சேன் மேடம். மேல கவர் போட்டா யாருக்குத் தெரியும்? வயித்துத் தோலையே நாலு அடுக்கு கூடப் போட்டு, அமுக்கி ஒட்டி, ஒசரத்த சமம் பண்ணிட்டேன். கம்பெனில ஒரு ஜோடிக்கு வெட்டும்போது ரெண்டு காலுக்கும் ஒரே தோல்ல, பக்கத்துப் பக்கத்துலதான் எடுப்போம். ஒரு காலுக்கு முதுகுல, ஒரு காலுக்கு வயித்துலன்னு எடுத்தா சூப்பர்வைசர் தூக்கி மூஞ்சில அடிப்பான். இத்தன வருஷத்துல ஒரு ஜோடி அப்படி வெட்டினதில்ல. வெளிநாட்டுல எவன் எவனுக்கோ ஒழுங்கா வெட்டிட்டு, சொந்தப் புள்ளைக்கு இப்படிப் பண்ணிட்டேன்."

"அப்பா, விடுப்பா" என்றாள் ரூத். அன்று முதல் முறையாக அவள் எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

எனக்கு அந்த நிமிடம் முதலில் வந்தது வெட்கம் என்று சொன்னால் நீங்கள் என்னை மதிப்பீர்கள். பொய் சொல்ல விரும்பவில்லை. முதலில் வந்தது அப்படி ஒரு நிம்மதி. அந்த வாக்கியத்தை, "நீ போக வேண்டாம்" என்பதை, நான் இன்னும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கவில்லை. படம் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் முன்னால் சொல்லியிருந்தால் அந்த அப்பா ஷூவைக் கேட்டிருக்கமாட்டார், தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போயிருப்பார். வெட்கம் இரண்டாவதாக வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

ஷாஹின் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்தாள். நான் சரிசெய்யச் சொன்ன கோட்டின் அசல் பதிவை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். அதைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பிவிட்டு, நகர்ந்து நின்றாள். இடது ஹீல் பொட்டு இறங்கியது, ஏறியது. இறங்கியது, ஏறியது. "நான் அப்பவே சொன்னேனே" என்று அவள் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவள் உங்கள் தலைவியாக இருக்கத் தகுதி உள்ளவள்.

இங்கேதான் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. தவறு தெரிந்தவுடன் மனசு எதிர்ப்பக்கம் ஓடும். "எல்லாம் சரியாகிவிட்டது, போய்த் தூக்கு" என்று சொல்லிவிட வாய் துறுதுறுத்தது. பாவத்துக்குப் பரிகாரம் செய்கிற அவசரம் அது. ஒரு பக்கம் அவசரப்பட்டுத் தப்பு செய்தவள் மறுபக்கமும் அவசரப்பட்டால் அந்தப் பெண்ணின் முதுகு என்ன பந்தயப் பொருளா? ஹீல் அமுங்குகிறது என்பது நிச்சயம். சாய்வுக்கு அது மட்டும்தான் காரணம் என்பது இன்னும் நிச்சயம் இல்லை. முதுகு வலி வலிதான்.

"செருப்பு, ஷூ எதுவும் வேண்டாம். வெறுங்காலில் குந்தட்டும்" என்றேன்.

"பாதி வெயிட்ல ஆரம்பிக்கலாம் மேடம்" என்றார் மாஸ்டர். அன்று அவர் சொன்னதை நான் முழுசாகக் கேட்டுக்கொண்டேன்.

ரூத் தோளில் கம்பியை வைத்துக்கொண்டு தகடுகள்மேல் வெறுங்காலில் நின்றாள். மாஸ்டர் பின்னால் கைகளை விரித்து நின்றார். குந்தினாள், எழுந்தாள். இரண்டு கோடும் ஒன்றாகப் போயின. எடை ஏற்றினோம். ஒன்றாகவே போயின. எந்த எடையில் அவள் முன்பு தெளிவாக ஒதுங்கினாளோ அந்த எடைக்கு வந்தோம். தேவராஜ் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ரூத் மூச்சை இழுத்துப் பிடித்து இறங்கினாள். கீழே ஒரு கணம் நின்றாள். எழுந்தாள். ஷாஹின் "அல்லாஹ்" என்றாள். திரையில் இடதும் வலதும் எதுவென்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "மேடத்துக்குத் தண்ணி குடுங்க" என்று மாஸ்டர் கத்தினார். சற்றுமுன் தேவராஜுக்குக் கொடுத்த தண்ணீரை எனக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அடுத்த நாள் ரூத்தை ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். தசைப்பிடிப்புதான், வலி குறையக் குறைய எடை ஏற்றலாம் என்றார். மூன்றாம் நாள் தேவராஜ் ஷூவோடு வந்தார். இரண்டு ஹீலும் புதிதாகக் கட்டியிருந்தார். இந்த முறை ஒரே முதுகுத் துண்டில், பக்கத்துப் பக்கத்தில் வெட்டியது. "அமுக்கிப் பாருங்க மேடம்" என்று இரண்டு ஷூவையும் என் கையில் கொடுத்தார். அமுக்கினேன். என் கட்டைவிரலுக்கு என்ன தெரியும்? இரண்டையும் தகட்டின்மேல் வைத்துப் பாரம் ஏற்றி, எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தேன். அவர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். இவ்வளவு நாள் கழித்தாவது இந்த அம்மாளுக்கு வேலை தெரிந்ததே என்கிற தலையாட்டல்.

தினமும் எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. தினமும் காலையில் ரூத்திடம் வலி எப்படி என்று கேட்டேன், அவள் சொன்னதை எழுதினேன். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் முழு எடையை இரண்டு தடவை தூக்கினாள். வலி இல்லை. மாஸ்டர் என்னைப் பார்த்தார். போகலாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஏழு நாள் ஆனது. அந்த ஏழு நாளில் ஒரு நாளும் வீணாகவில்லை.

சென்னைக்கு நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. காட்பாடியில் ரயில் ஏறும்போது மாஸ்டர் என்னைப் பார்த்து, "கேமரா எங்க மேடம்?" என்றார். கொண்டுவரவில்லை என்றேன். "அப்ப சந்தோஷமா பாருங்க" என்றார்.

முதலில் ஒரே இழுப்பில் தலைக்கு மேலே தூக்கும் முறை, மூன்று முயற்சி உண்டு. முதல் முயற்சியில் ரூத் கம்பியை மேலே கொண்டுபோய், குந்திப் பிடித்து, எழும்போது ஓரடி முன்னால் தடுமாறிப் போட்டுவிட்டாள். சத்தம் என் நெஞ்சில் விழுந்தது. மாஸ்டர் என் கையைப் பிடித்தார். "இடுப்பு இல்ல மேடம், அவசரம். நேராத்தான் ஒக்காந்தா." அவர் சொன்னது சரி. இரண்டாவது முயற்சியில் அவசரப்படவில்லை. கீழே நேராக உட்கார்ந்தாள், நேராக எழுந்தாள், கம்பியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவதில் அதைவிட அதிகம். அதன்பிறகு தோள்வரை தூக்கி மேலே தள்ளும் முறையிலும் அவள் தோற்கவில்லை. நான் சத்தமாகக் கத்தியதில் பக்கத்திலிருந்த வேறொரு ஊர்க்காரர், "உங்க பொண்ணாம்மா?" என்று கேட்டார். தலையை ஆட்டிவைத்தேன்.

தகுதி பெற்றவர்கள் பட்டியலை மாலையில் ஒட்டுவோம் என்றார்கள். வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். மாஸ்டர் டீ வாங்கப் போனார். தேவராஜ் ஷூவைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். ரூத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்க மாட்டீங்களே?"

"கேள்."

"என் இடுப்புல ஒண்ணும் இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பீங்களா?"

எனக்குப் புரியவில்லை. "அதான் எல்லோருக்கும் தெரிஞ்சிடுச்சே. நீ இப்பத் தூக்கினியே, அதைவிட வேற என்ன அத்தாட்சி?"

"அது உங்களுக்கு. வீட்ல பேப்பர்தான் தெரியும்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நீங்க குடுத்த ரிப்போர்ட்ட சித்தி படிச்சாங்க. இடுப்பு பலவீனம்னா நாளைக்குப் புள்ள பெக்க முடியுமான்னு கேட்டாங்க. குடத்த தூக்க வேணாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு வந்த ஒரு சம்பந்தத்துக்கும் சொல்லிட்டாங்கபோல, அப்புறம் அவங்க வரவே இல்ல. அது போவட்டும். எனக்கே தினமும் படுக்கும்போது இடது பக்கம் ஏதோ செத்துப்போன மாதிரியே இருக்கும். தொட்டுத் தொட்டுப் பாப்பேன்."

நான் ஒரு பயிற்சியாளருக்காக எழுதிய வரி. என் மேசையில் அது ஒரு கணிப்பு. அவள் வீட்டில் அது அவள் உடம்பு. நான் கணிப்பை மாற்றிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, நிம்மதியாக ரயிலேறி வந்துவிட்டேன். எழுதியதை மாற்றி எழுத வேண்டும் என்று இத்தனை நாளில் எனக்குத் தோன்றவே இல்லை.

"அந்தப் பழைய ரிப்போர்ட் எங்க? குடு, கிழிச்சிப் போட்டுர்றேன்" என்றேன்.

"அத நான் அன்னைக்கே கிழிச்சிட்டேன் மேடம். கிழிச்சா போவல."

கைப்பையில் நோட்டு இருந்தது. ஒரு தாளைக் கிழித்து, முழங்கால்மேல் வைத்து, நிறுத்தி நிறுத்தி எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சின்ன அறிக்கை அது. "ரூத்தைப் பரிசோதித்தேன். அவளுடைய இடது இடுப்பில் எந்தப் பலவீனமும் இல்லை. முன்பு நான் எழுதியது தவறு." கையெழுத்துப் போட்டு, பெயர், பதவி எல்லாம் எழுதினேன். அவள் படித்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தாள்.

தேவராஜ் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். "தவறு" என்கிற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார், இந்த முறை சத்தமாக. மாஸ்டர் டீயோடு வந்து நின்று கேட்டார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேவராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவும் மகளும் டீயைக் குடித்து முடித்து, கப்பைக் குப்பையில் போட்டுவிட்டு, பட்டியலை ஏற்கெனவே ஒட்டியிருந்த சுவருக்கு அதற்குப் பிறகுதான் நடந்து போனார்கள்.

பெயர் இருந்தது.